காத்திருப்பின் நோய்: வடபுல முஸ்லிம்களும் அரசின் உளநலக் கோப்பும்

வடபுல முஸ்லிம்களின் பலவந்த வெளியேற்றம் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு விடயம் புலப்படும். வெளியேற்றப்பட்ட நாள், நடந்த பாதை, பறிக்கப்பட்ட நகை, விட்டுவந்த வீடு, கடை, காணி, பள்ளிவாசல் ஆகியன ஓரளவுக்கேனும் பதிவாகியுள்ளன. எருக்கலம்பிட்டி தந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் இழப்புகளைக் கணக்கெடுத்து ஆவணப்படுத்துவதைத் தம் வாழ்நாட் பணியாகவே கொண்டிருந்தார். வெளியேற்றம் குறித்த குடிமக்கள் ஆணைக்குழுவின் அறிக்கையும் 2011இல் வெளிவந்தது. ஆனால் இம்மக்களின் மனதுக்கு என்ன நேர்ந்தது, அதற்கு அரசு என்ன செய்தது என்ற கேள்வி நமது வரலாற்றெழுத்தில் ஓர் ஓரத்திலேயே கிடக்கின்றது. அக்கேள்வியை ஒரு தனி வரலாறாக எடுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கிய வெளியேற்றம் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் பகுதிகள் எனப் பரவி, ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரை அடைந்தது. அன்று காலை சோனகத்தெருப் பகுதி மக்கள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துள் வெளியேறிவிட வேண்டும் என விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டனர். மன்னார்த்தீவு மக்களிற் பலர் மாரிக்கடலில் வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். ஏனையோர் கால்நடையாகவும் லொறிகளிலும் வவுனியாவைக் கடந்து தெற்கே வந்தனர். வெளியேற்றப்பட்டோர் தொகை எழுபதாயிரத்துக்கும் எண்பதாயிரத்துக்கும் இடைப்பட்டது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடாகும். அவர்களுட் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கினர்.

முதலில் கை கொடுத்தவர்கள் புத்தளத்து மக்களே. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறக்கப்பட்டன. வீடுகளில் அடுப்புகள் பெருகின. தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. இது உதவி மட்டுமன்று, ஒருவகையான மனச்சிகிச்சையுமாகும். ஊரோடு ஊராக வந்தவர்கள் ஊராகவே ஓரிடத்திற் குடியமர்ந்ததும், பழைய ஊரின் பெயரையே புதிய முகாமுக்குச் சூட்டிக்கொண்டதும், இழந்த உறவுப் பின்னலை ஓரளவு தக்கவைத்தன. இன்றைய உளசமூகப் பணியாளர்கள் நூல்களிற் படித்துச் சொல்லும் அறிவுரையை நமது மக்கள் படிப்பில்லாமலே செய்து காட்டினர்.

அரசு செய்தது என்ன? அது உலர் உணவு நிவாரணம் வழங்கியது. முகாம்களுக்கு ‘நலன்புரி நிலையங்கள்’ எனப் பெயரிட்டது. குடும்ப அட்டை கொடுத்தது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபா பெறுமதியான நிவாரணம் என்ற அளவு, சந்தையில் அரிசி விலை எவ்வளவோ ஏறிய பின்னரும் ஆண்டுக்கணக்காக மாறாதிருந்தது. இவற்றைச் சிறிதென்று தள்ளிவிட முடியாது. பசித்த வயிற்றுக்கு அந்த அரிசி தேவைப்பட்டது. ஆயினும் அந்த அட்டை இம்மக்களை வயிறுகளின் தொகையாக மட்டுமே கண்டது. புனர்வாழ்வுக்குப் பொறுப்பான அமைச்சிடம் அவர்கள் நிவாரணக் கோப்பு ஒன்றாக இருந்தனர். சுகாதார அமைச்சிடம் உளநோய் என்பது வேறொரு கோப்பாக இருந்தது. இவ்விரு கோப்புகளும் ஒரே மேசையில் வைக்கப்படவேயில்லை.

அந்த இரண்டாவது கோப்பின் கதை பழையது. இலங்கையில் உளநோயாளர் பற்றிய அடிப்படைச் சட்டம் 1873இல் பிரித்தானியர் இயற்றியதாகும். 1956இல் அது திருத்தப்பட்டபோது பெயர் மாறியதே தவிர, நோயாளியைப் பிடித்து, அடைத்து, காவலில் வைக்கும் அதன் உள்ளம் பெரிதும் மாறவில்லை. 1920களில் அங்கொடையில் எழுந்த பெரிய வைத்தியசாலையும் பின்னர் முல்லேரியாவில் எழுந்ததுமே நெடுங்காலம் நாட்டின் உளநல சேவையாக இருந்தன. ‘அங்கொட’ என்ற ஊர்ப்பெயரே நம்மவர் பேச்சில் ஒரு வசைச்சொல்லாகிப் போனது. வெளியேற்றப்பட்ட குடும்பமொன்றுக்குத் தம் பிள்ளையை அங்கு அழைத்துச் செல்வதென்பது, ஊரை இழந்ததோடு மானத்தையும் இழப்பதாகவே தோன்றியிருக்கும்.

ஆகவே மக்கள் தமக்குத் தெரிந்த வாசல்களைத் தட்டினர். லெப்பையிடம் ஓதிப் பார்த்தனர். தண்ணீர் ஓதிக் குடித்தனர். இஸ்ம் கட்டினர். சிலர் பரிகாரியாரிடம் போயினர். பெரும்பாலோர் அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் வரிசையில் நின்று, நெஞ்சு படபடக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, கை கால் உளைகிறது, நித்திரை வருவதில்லை என்று சொல்லி, குளிசையுடன் திரும்பினர். மனதிலே நோய் என்று எவரும் சொல்லவில்லை. கேட்பவரும் இல்லை. ஓதிப் பார்ப்பதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயாளியை முன்னால் இருத்தி, பெயர் கேட்டு, ஊர் கேட்டு, நடந்ததைக் கேட்டு, தலையிற் கை வைத்த ஒரே இடம் பல ஆண்டுகளாக அதுவாகவே இருந்தது.

நாட்டில் அக்காலத்தில் உளநல அறிவே இருக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் உளவடுக்களைப் பற்றி ஆய்ந்தும் எழுதியும் வந்தார். தனிமனிதனின் வடு மட்டுமன்றி, குடும்பமும் ஊரும் சேர்ந்து உடையும் ‘கூட்டு வடு’ என்ற கருத்தை அவர் வலியுறுத்தினார். மட்டக்களப்பில் வைத்தியர் மகேசன் கணேசன் போன்றோர் வைத்தியசாலைச் சுவர்களுக்கு வெளியே சமூகத்துள் சேவையைக் கொண்டுசெல்ல முயன்றனர். ஆனால் இவையெல்லாம் போர் நடந்த பிரதேசங்களில், சில தனிமனிதர்களின் அர்ப்பணிப்பால் நடந்தவை. புத்தளமோ போர்க்களமன்று. குண்டு விழாத ஊரில் மனவடு இராது என்ற எண்ணமே கொழும்பின் அலுவலகங்களில் நிலவியது போலும். போரிலிருந்து தூரத்தில் இருந்ததனாலேயே போரின் மனிதர்கள் கண்ணிற் படாமற் போயினர்.

1998இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட உள்ளக இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகளின் 19ஆவது கோட்பாடு, தேவை ஏற்படும்போது இடம்பெயர்ந்தோருக்கு உளவியல், சமூக சேவைகள் கிடைக்க வேண்டும் என்கிறது. அவ்வாண்டில் நமது மக்கள் எட்டாவது ஆண்டாகக் கொட்டில்களில் இருந்தனர். இக்கோட்பாடுகள் சட்டமன்று, அரசுகளைக் கட்டுப்படுத்தும் வலு அவற்றுக்கில்லை. எல்லை கடந்தவனே அகதி என்பது சர்வதேசச் சட்டத்தின் வரைவிலக்கணம். நாட்டினுள்ளேயே துரத்தப்பட்டவன் தன் சொந்த அரசிடமே முறையிட வேண்டும். புத்தளத்துத் தெருக்களிலோ இம்மக்களுக்கு ‘அகதி’ என்ற பெயரே நிலைத்தது. சட்டம் தர மறுத்த பெயரை ஊர் தந்தது. அப்பெயரோடு வர வேண்டிய பாதுகாப்பு வரவில்லை. அதனோடு சேர்ந்த இழிவு மட்டும் வந்தது. அகதி முகாமிற் பிறந்து, அகதிப் பாடசாலையிற் படித்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல் எத்தகைய காயம் என்பதை அளக்க எந்தக் கருவியும் கொண்டுவரப்படவில்லை.

பின்னர் 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. நாட்டில் முப்பத்தையாயிரம் பேரளவில் மடிந்தனர். அம்பாறை மாவட்டமே அதிக உயிர்களை இழந்தது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது போன்ற நமது ஊர்களும் அதிற் சிதைந்தன. அப்போது இரண்டு கோடியை நெருங்கிய மக்கள்தொகைக்கு நாற்பது அளவிலான உளமருத்துவ நிபுணர்களே நாட்டில் இருந்தனர். உலகின் பணமும் பார்வையும் திரும்பின. இதுவரை எவரும் உச்சரிக்காத ‘உளசமூக ஆதரவு’ என்ற தொடர் பிரதேச செயலகங்களில் அன்றாடச் சொல்லாயிற்று. 2005இல் அமைச்சரவை பத்தாண்டுகளுக்கான தேசிய உளநலக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. பெரிய வைத்தியசாலைகளில் அடைப்பதை விட்டு மாவட்டந்தோறும் சிகிச்சைப் பிரிவு அமைப்பது, சிறப்புப் பயிற்சி பெற்ற உளநல வைத்திய அதிகாரிகளை ஊர்களுக்கு அனுப்புவது, புதிய சட்டம் இயற்றுவது என்பன அதன் வாக்குறுதிகள். உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு கிராமத்தவர்களிலிருந்தே சமூக ஆதரவு உத்தியோகத்தர்கள் பயிற்றப்பட்டனர். அங்கொட வைத்தியசாலையே 2008இல் தேசிய உளநல நிறுவகமாயிற்று.

இலங்கையின் உளநல வரலாற்றில் இது பெரிய பாய்ச்சல் என்பதில் ஐயமில்லை. கிழக்கு முஸ்லிம்களும் அதன் பலனைப் பெற்றனர். ஆயினும் நமது கேள்வி வேறு. பதினான்கு ஆண்டுகளாக இடம்பெயர்ந்திருந்த ஒரு சமூகத்தின் மனதுக்காகத் திறக்கப்படாத கதவு, ஓர் அலையினால் சில மாதங்களில் திறந்ததேன்? திடீர்ப் பேரழிவு கண்ணிற் படுகிறது. மெல்லக் கரையும் வாழ்வு கண்ணிற் படுவதில்லை. சுனாமியின் பெரும் அழிவிலிருந்து தப்பிய புத்தளம், அதன் நிதியிலிருந்தும் தப்பிவிட்டது. புதிய சட்டமோ கொள்கைக்காலமாகிய பத்தாண்டு முடிந்த பின்னரும் நிறைவேறவில்லை.

2006இல் அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர்ஸ்தானிகராலயம் எடுத்த கணக்கெடுப்பு புத்தளம் மாவட்டத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இடம்பெயர்ந்தோரைக் கண்டது. 2007இல் உலக வங்கியின் 320 இலட்சம் டொலர் நிதியில் புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியது. கிடுகுக் கூரைகள் ஓட்டுக் கூரைகளாகத் தொடங்கின. இத்திட்டத்தை எவரும் உளநலச் சேவை என்று அழைக்கவில்லை. ஆனால் அதே ஆண்டில் சர்வதேச நிறுவனங்கள் கூடி வெளியிட்ட அவசரகால உளநல வழிகாட்டி ஒரு கூம்பைக் காட்டியது. அதன் அகன்ற அடித்தளம் பாதுகாப்பும் அடிப்படை வசதிகளும்; அதன்மேல் குடும்பமும் சமூகமும்; அதற்கு மேல் பயிற்சி பெற்றோரின் ஆற்றுகை; உச்சியின் சிறு முனையில்தான் உளமருத்துவர். அந்தக் கணக்கின்படி, பதினேழு ஆண்டுகள் கழித்துக் கட்டப்பட்ட ஒரு மண்டபமும் அறையும் அம்மக்களுக்குக் கிடைத்த பெரிய மனமருந்துகளில் ஒன்றெனலாம். பிந்திவந்த மருந்து என்பதே அதன் குறை.

2009இல் போர் முடிந்தது. வன்னியிலிருந்து வந்த மூன்று இலட்சத்தை அண்மித்த மக்கள் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். வவுனியாவில் உளமருத்துவர் எஸ். சிவதாஸ் போன்றோர் முகாமிலிருந்தோரையே பயிற்றி அரிய பணியாற்றினர். அதேவேளை, வடக்கிற் பணியாற்ற விரும்பிய தொண்டு நிறுவனங்கள் ஜனாதிபதி செயலணியின் அனுமதியைப் பெற வேண்டியிருந்தது. வீதிக்கும் வீட்டுக்கும் கிடைத்த அனுமதி உளசமூகப் பணிக்கு இலகுவிற் கிடைக்கவில்லை. மனதோடு பேசுவது நடந்ததைப் பேசுவதாகும் என்பதை அதிகாரம் நன்கு அறிந்திருந்தது.

அப்போதுதான் ‘புதிய இடம்பெயர்ந்தோர்’, ‘பழைய இடம்பெயர்ந்தோர்’ என்ற பாகுபாடு நடைமுறைக்கு வந்தது. 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தோர் புதியோர், அவர்களுக்கே முன்னுரிமை. வன்னி மக்களின் துயர் பெரிது. அவர்களுக்குக் கிடைத்ததை எண்ணிப் பொறாமைப்படுவது நமக்கு அழகன்று. ஆனால் துன்பத்துக்குக் காலாவதித் திகதி குறிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. பழையோர் என்ற சொல், உங்கள் கதை முடிந்தது என்று மறைமுகமாகக் கூறியது. இருபது ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு அது இன்னொரு வெளியேற்றமாயிற்று.

இம்மக்களின் மனநிலை முறையாக அளக்கப்பட்டது வெளியேற்றத்துக்கு இருபது ஆண்டுகளின் பின்னரே. வைத்தியர் செஸ்மல் சிறிவர்தன தலைமையில் இலங்கை, இங்கிலாந்து ஆய்வாளர்கள் புத்தளத்தின் இடம்பெயர்ந்தோர் குடியிருப்புகளில் 450 வயதுவந்தோரைக் கண்டு ஆய்ந்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களில் 18.8 வீதமானோர் பொதுவான உளக்கோளாறுகளுள் ஏதேனும் ஒன்றுக்கு ஆளாகியிருந்தனர். உடல் நோவாக வெளிப்படும் உளக்கோளாறு 14 வீதம். பெரும் மனச்சோர்வு 5.1 வீதம். அதிர்ச்சி அனுபவத்துக்குப் பிந்திய நெருக்கீட்டுக் கோளாறு 2.4 வீதம் மட்டுமே.

இந்த எண்களை நிதானமாக வாசித்தல் வேண்டும். போரின் மனநோய் என்றதும் உலகம் தேடுவது அந்த இறுதியானதையே: துப்பாக்கியும் கட்டளையும் கனவில் மீள மீள வரும் நோயை. அது இம்மக்களிடம் குறைவாகவே காணப்பட்டது. அதிகமாகக் காணப்பட்டதோ, வெளிநோயாளர் வரிசையில் ஆண்டாண்டாகச் சொல்லப்பட்டுக் குளிசையோடு முடிந்த அந்த உளைச்சலும் பாரமும் படபடப்புந்தான். உளக்கோளாறோடு தொடர்புற்றிருந்தவை எவை என்று ஆய்வாளர் தேடியபோது முன்னால் வந்தவை மூன்று: வேலையின்மை, விதவையாக அல்லது விவாகரத்துப் பெற்று வாழும் நிலை, உணவுக்கு உத்தரவாதமின்மை. மூன்றும் 1990இன் அந்த இரண்டு மணி நேரத்துக்குரியவையல்ல. அதன் பின்வந்த இருபது ஆண்டுகளுக்குரியவை. துரத்தியது விடுதலைப் புலிகளே. அதன்பின் காக்க வைத்ததில் அரசுக்குப் பெரும் பங்குண்டு. நோயின் பெரும்பகுதி காத்திருப்பினால் விளைந்தது.

இதே ஆய்வாளர்கள் பின்னர் மீண்டும் அம்மக்களைக் கண்டபோது இவ்வீதம் குறைந்திருந்தது. மனித மனம் தளர்ந்தும் நிமிரும் இயல்புடையது என்பதற்கு அது சான்று. ஆனால் நிமிர்ந்தவரைக் காட்டி உதவி தேவையில்லை என வாதிடுவது நியாயமாகாது. கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குக் குனிந்த பெண்களின் தாங்கும் வலிமையைப் புகழ்வது இலகு. அவர்களைத் தாங்க வைத்ததற்கு யார் பதில் சொல்வது?

மீள்குடியேற்றமும் மனதுக்கு மருந்தாக அமையும் என்றே பலரும் நம்பினர். முசலிப் பிரதேசத்துக்குத் திரும்பியோர் தம் காணிகள் காடாகியிருப்பதைக் கண்டனர். காடு வெட்டிக் குடியேறியபோது, 2015இல் வில்பத்துக் காட்டை அழிக்கும் ஆக்கிரமிப்பாளர்கள் என்று ஊடகங்களில் தூற்றப்பட்டனர். 2017இல் மாவில்லு வனப் பகுதி வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்ட காடாயிற்று. புத்தளத்தில் அகதி, மன்னாரில் ஆக்கிரமிப்பாளன் என்றால் அவன் எங்கே ஊரவன்? வாக்காளர் இடாப்பிற் பெயர் எங்கே இருப்பது என்பதற்கே 2013இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. இடாப்பும் காணி உறுதியும் வெறும் காகிதங்களாகத் தோன்றலாம். நீ இந்த மண்ணுக்குரியவன் என்று அரசு எழுதிக் கொடுக்கும் சொல் அது. அச்சொல் கிடைக்காத மனதை எந்த ஆற்றுகையாளராலும் முழுமையாக ஆற்ற இயலாது.

2018இல் இழப்பீட்டுக்கான அலுவலகம் சட்டத்தால் நிறுவப்பட்டது. பணத்தோடு உளசமூக ஆதரவும் இழப்பீட்டின் பகுதியாக அச்சட்டத்தில் இடம்பெற்றது. கோப்புகள் இரண்டும் ஒரே மேசைக்கு வருவதற்கான முதற் சட்டபூர்வ வாய்ப்பு இது எனலாம். ஆயினும் எழுதப்பட்டதற்கும் ஒரு கிழவியின் கையில் கிடைப்பதற்கும் உள்ள தூரத்தை நம் சமூகம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து அறிந்துள்ளது.

இந்த வரலாற்றிலிருந்து பெறக்கூடிய கோரிக்கைகள் எளியவை. உளநல சேவை நிதி வரும் திசையையும் பேரழிவின் அண்மையையும் பார்த்து வழங்கப்படலாகாது. இடம்பெயர்வு நீடிக்கும் காலமெல்லாம் நீடிக்க வேண்டும். அது சோனகத் தமிழில் பேசத் தெரிந்தவர் மூலம், ஒரு பெண் தயக்கமின்றி அமர்ந்து பேசக்கூடிய இடத்தில், ஊரின் சாதாரண ஆஸ்பத்திரியிலேயே கிடைக்க வேண்டும். லெப்பையும் மௌலவியும் பகைவராகக் கருதப்படாது, நோயாளியை வைத்தியரிடம் அனுப்பிவைக்கும் முதற் காவலராகப் பயிற்றப்பட வேண்டும். வீடு, வேலை, காணி, இடாப்பு ஆகியன உளநலக் கொள்கையின் வரிகளாகவே எழுதப்பட வேண்டும்.

எழுதுவோராகிய நமக்கும் இதில் ஒரு பங்குண்டு. முல்லைத்தீவிலிருந்து வந்த முல்லை முஸ்ரிபா போன்ற கவிஞர்கள் இழந்த நிலத்தைப் பாடினர். நிலத்துக்கு நம்மிடம் சொற்கள் இருந்தன. நித்திரையற்ற இரவுக்கு, காரணமின்றி உளையும் முழங்காலுக்கு, அழைக்காமல் வரும் அழுகைக்கு நமது தாய்மார் கொண்டிருந்த சொற்கள் இன்னும் தொகுக்கப்படவில்லை. வெளியேற்றத்தின்போது நடுவயதிலிருந்த அப்பெண்கள் ஒவ்வொருவராக மவுத்தாகி வருகின்றனர். வைத்தியர் கேட்கவும் அரசு எழுதவும் வேண்டிய நோயின் பெயர்கள் அவர்களிடமே உள்ளன. அவற்றை இப்போதே கேட்டு எழுதிவைப்போம்.